பம்புசெட்டுக் கொட்டகையில் பூசணம் பிடித்த சுவிட்சுகள்

மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12-ஆம் தேதி நீர் திறப்பது மரபு. அந்நீர் வந்து சேருமுன்பே பில்டர் பாயிண்ட் பம்புசெட்டைக் கொண்டு குறுவை நாற்றங்கால் விடுவது தஞ்சை விவசாயிகளின் வழக்கம். அச்சமயத்தில் மோட்டார் ஓடாவிடில் பருவமே தவறிவிடும். மோட்டார் பழுதாவதற்குப் பல வேளைகளில் சுவரிலுள்ள சுவிட்சே காரணமாகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பம்புசெட்டுகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மூடிக் கிடக்கும் கொட்டகையில் ஈரம் தங்கி, மெயின் சுவிட்சிலும் ஸ்டார்ட்டரிலும் பூசணம் பூக்கிறது. உர மூட்டைகளையும் அங்கேயே அடுக்கினால் கேடு இரட்டிப்பாகும். யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிந்து, உலோகத்தை அரிப்பவை.

பூசணத்தால் விளையும் தீங்கு யாது? அது ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவ்வழியே மின்சாரம் கசிகிறது. செம்பு முனைகளில் களிம்பு ஏறி, அவை சூடாகின்றன. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை மட்டும் தொடாமற் போனாலும், மோட்டார் எஞ்சிய இரண்டில் திணறி ஓடிக் காயில் கருகிவிடும். கசிவு இரும்புப் பெட்டியில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, முதலில் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கிவிட்டாலும், கம்பத்திலிருந்து வரும் கம்பி இணைந்த முனைகளில் 415 வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எனவே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லிக் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்த பின்னரே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பெட்டியைத் திறத்தல் வேண்டும். கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தையும் அவரே நீக்க வேண்டும்.

சுத்தம் செய்யத்தக்கவை: மேற்புறப் பூசணத்தை உலர்ந்த துணியாலும் மென்மையான தூரிகையாலும் துடைத்தெடுக்கலாம். விரிசலில்லாத பீங்கான் பியூஸ் கட்டையைத் துடைத்து, நன்கு உலர்த்திப் பயன்படுத்தலாம். செம்பு முனைகளின் இலேசான களிம்பைத் தேய்த்து நீக்கலாம். ஸ்டார்ட்டரின் வெள்ளி முனைகளை அரத்தால் ராவலாகாது. தண்ணீரும் மண்ணெண்ணெயும் கூடவே கூடாது.

மாற்ற வேண்டியவை: கரிக்கோடு விழுந்த பேக்கலைட் பாகம், குழி விழுந்த முனை, துருப்பிடித்துத் தளர்ந்த வில், ஈரத்தில் ஊறிய மரப்பலகை ஆகியவற்றை எவ்வளவு துடைத்தும் பயனில்லை. மோட்டாரின் குதிரைச் சக்திக்கேற்ற ஆம்பியர் அளவில், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவற்றையே வாங்குக. பியூஸில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவது மோட்டாரைத் தீக்கிரையாக்குவதற்கு ஒப்பாகும். எர்த் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்பதையும் உடன் பார்த்தல் நலம்.

மீண்டும் பூசணம் பிடிக்காதிருக்கப் பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் விடுக. கம்பிகள் பெட்டியின் அடிப்புறமாக நுழையட்டும். ஓட்டைகளை அடைத்தால் எறும்பும் பல்லியும் புகா. உர மூட்டைகளை வேறிடத்தில் வையுங்கள்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் சுவிட்சும், தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டியும் இதே மழையில்தான் நனைகின்றன. அவற்றைத் தினமும் தொடுபவர் நம் ஊர்ப் பணியாளர். 2018 நவம்பரில் வீசிய கஜா போன்ற புயலுக்குப் பின்னும், ஆண்டுதோறும் சித்திரையிலும் இவற்றைச் சோதிக்க மன்றத்தில் தீர்மானம் செய்வோமாக. ஒரு சுவிட்சின் விலை சிறிது. அதனால் காக்கப்படும் பயிரும் உயிரும் பெரிது.