திரவ உணவுச் சிகிச்சை: தொடங்குமுன் நோயாளியும் குடும்பமும் அறிய வேண்டியவை

"சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சில வாரங்கள் சத்துப் பானம் மட்டும் குடித்தால் எடை வேகமாகக் குறையுமாம்; சர்க்கரை நோயும் போய்விடுமாம். உண்மையா?" உடற்பருமனுக்கு ஆலோசனை பெற வருவோரில் பலர் இக்கேள்வியைக் கேட்கின்றனர். கேள்வியின் முதற்பகுதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பகுதி சிலருக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உண்மை. ஆனால் இவ்விரண்டையும்விட முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: பானம் நின்று, மீண்டும் உணவு தொடங்கும் நாளில் என்ன செய்யப்போகிறோம்? இச்சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகின்றன.

எதைத் திரவ உணவு என்கிறோம்?

மருத்துவர் பரிந்துரைக்கும் திரவ உணவு, நாள் முழுவதற்கும் உரிய உணவுக்கு மாற்றாக வடிவமைக்கப்பட்டது. பொடியாக வரும் பொட்டலங்களை நீரில் கரைத்து, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை அருந்த வேண்டும். மொத்த ஆற்றல் 800 கலோரியை ஒட்டியதாக இருக்கும். உழைப்பையும் வயதையும் பொறுத்து, பெரியவர் ஒருவருக்கு வழக்கமாக 2,000 கலோரி அளவில் தேவைப்படும். ஆகவே உடல் தன் கொழுப்புச் சேமிப்பிலிருந்து மீதியை எடுத்துக்கொள்கிறது. ஆற்றல் குறைந்தாலும் தரமான புரதம், இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள், வைட்டமின்கள், பொட்டாசியம், மக்னீசியம் போன்ற தாதுக்கள் ஆகியவை அன்றாடத் தேவைக்கேற்ப அதில் சேர்க்கப்பட்டிருக்கும்.

கஞ்சி, பழச்சாறு, மோர், இளநீர் ஆகியவற்றை மட்டும் அருந்தி வாழ்வது இதற்கு ஈடாகாது. கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, பழச்சாற்றில் சர்க்கரை. இரண்டிலும் புரதம் மிகக் குறைவு. புரதம் போதாதபோது உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கத் தொடங்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரதப் பொடியும் உணவுக்குக் கூடுதலாகச் சேர்க்கத்தக்கதே தவிர, முழு உணவுக்கு மாற்றாகாது.

கண்காணிப்பு ஏன் தேவை?

1970-களில் அமெரிக்காவில் திரவப் புரத உணவு பெரும் மோகமாகப் பரவியது. விலங்குகளின் தோல், தசைநார் போன்றவற்றிலிருந்து பெறப்பட்ட தரம் குறைந்த புரதமே அப்பானங்களில் இருந்தது. மக்கள் அவற்றைக் கடையில் வாங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதையே உணவாகக் கொண்டனர். 1977, 1978 ஆண்டுகளில் இவ்வுணவோடு தொடர்புடையவையாக ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் அந்நாட்டு அரசு அமைப்புகளின் கவனத்திற்கு வந்தன. இறந்தவர்களுள் சிலர் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து திடீரென உயிரிழந்தவர்கள். முன்னர் இதயநோய் இருந்ததாக அறியப்படாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இன்றைய தயாரிப்புகள் அவற்றினும் மிகவும் மேம்பட்டவை. ஆயினும் அந்நிகழ்வின் பாடம் மாறவில்லை. உணவை இவ்வளவு குறைக்கும்போது இரத்தத்தின் உப்புச்சத்துகளையும், சிறுநீரகத்தையும், இதயத்தையும் ஒருவர் இடைவிடாது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்த ஆய்வு சொல்வது என்ன?

இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் 2014-இல் தொடங்கிய 'டைரக்ட்' ஆய்வு. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லீனும் இதற்குத் தலைமை வகித்தனர். இரண்டாம் வகை நீரிழிவு நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் எடுத்துக்கொள்ளாத, 20 முதல் 65 வயதுக்குட்பட்டோர் இதில் பங்கேற்றனர். பெரிய மருத்துவமனைகளில் அன்றி, அவரவர் ஊரின் குடும்ப மருத்துவர் நிலையங்களிலேயே செவிலியர்களும் உணவியல் நிபுணர்களும் சிகிச்சையை நடத்தினர்.

சிகிச்சை மூன்று கட்டங்களாக அமைந்தது. முதலில் மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் பானம் மட்டும். அடுத்து இரண்டு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாக உணவுக்குத் திரும்புதல். அதன் பிறகு எடையைத் தக்கவைக்க நீண்டகால ஆலோசனை.

ஓராண்டின் முடிவில் சிகிச்சை பெற்றோரில் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழான சர்க்கரை அளவை எட்டியிருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் இந்நிலையை எட்டியோர் 4 சதவீதமே. 15 கிலோ அல்லது அதற்கு மேல் எடை குறைந்தவர்களுள் 86 சதவீதத்தினருக்கு இத்தணிவு கிட்டியது.

அதற்குப் பின் வந்த எண்களையும் அறிந்துகொள்வது நேர்மை. இரண்டாம் ஆண்டில் 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. ஐந்தாம் ஆண்டு வரை ஆதரவுச் சிகிச்சையில் தொடர்ந்தவர்களுள் 13 சதவீதத்தினர் மட்டுமே தணிவில் இருந்தனர். எடை எந்த அளவுக்கு மீண்டும் ஏறியதோ, அந்த அளவுக்கு நீரிழிவும் திரும்பியது. எனவேதான் மருத்துவர்கள் இதை 'குணம்' எனக் கூறாமல் 'தணிவு' என்கின்றனர். மருந்தை நிறுத்தியவரும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுதல் வேண்டும்.

உடலுக்குள் நடப்பது

கல்லீரலிலும் கணையத்திலும் அளவுக்கு மீறிக் கொழுப்பு படியும்போது இன்சுலினின் செயல் தடைப்படுகிறது. இன்சுலின் சுரப்பும் குன்றுகிறது. எடை விரைந்து குறையும்போது முதலில் கரைவது கல்லீரல் கொழுப்பே. ராய் டெய்லரின் குழு 2011-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 600 கலோரி உணவை மேற்கொண்டோருக்கு ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலையை அடைந்தது. கணையம் மீள்வதற்கு அதனினும் கூடுதலான வாரங்கள் ஆயின. நோய் வந்து பல ஆண்டுகள் கடந்தபின் கணையம் மீளும் வாய்ப்பு குறைகிறது.

தெற்காசிய மக்களுக்குக் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு வருவதால், பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை நடத்தும் திரவ உணவுத் திட்டத்தில் வெள்ளையர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 27 என்றும், ஆசியர்களுக்கு 25 என்றும் தகுதி எல்லை வகுக்கப்பட்டுள்ளது. "நான் அவ்வளவு பருமன் இல்லையே" என நம்மவர் எண்ணுவது எப்போதும் சரியாக இராது.

மருந்துகளே முதற்கவலை

வீட்டிலேயே தானாகத் தொடங்குவோருக்கு நேரும் ஆபத்துகளுள் தலையாயது, பழைய மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்வது. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வழக்கமான உணவைக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டவை. உணவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளோ, சர்க்கரை இயல்பாகத் தோன்றும்போதே இரத்தத்தை அமிலமாக்கும் நிலையை உண்டாக்கக்கூடும். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் மயக்கத்தில் ஆழ்த்தலாம். வார்ஃபரின், லித்தியம், தைராய்டு மருந்து ஆகியவற்றின் அளவையும் மறுபரிசீலனை செய்ய நேரிடும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதைப் பானம் தொடங்குமுன்னரே மருத்துவர் முடிவு செய்வார். தாமாக எந்த மருந்தையும் நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், முதலாம் வகை நீரிழிவு உடையோர், அண்மையில் மாரடைப்பு வந்தோர், கடுமையான சிறுநீரக அல்லது கல்லீரல் நோய் உடையோர், உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் உடையோர், உடல் தளர்ந்த முதியோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

பானக் காலத்தில் எதிர்பார்க்கத்தக்கவை

முதல் வாரம் கடினமானது. பசி, தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியவை இயல்பு. பின்னர்ப் பலருக்குப் பசி தணிகிறது. மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எழுந்து நிற்கையில் தலைசுற்றல், வாய் நாற்றம் ஆகியவையும் வரலாம். சில மாதங்கள் கழித்து முடி உதிர்வதுண்டு; அது பெரும்பாலும் மீண்டும் வளரும். மருத்துவர் வேறு அளவு கூறாதவரை பானத்தைத் தவிர நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் நீர் அருந்த வேண்டும்.

எடை விரைந்து குறைவோருக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பு உண்டு. யூரிக் அமிலம் கூடி மூட்டுவலியும் வரலாம். வலது மேல்வயிற்றில் கடும் வலி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

குடும்பத்தினருக்குச் சில சொற்கள்

நம் வீடுகளில் அன்பைப் பெரும்பாலும் உணவாலேயே காட்டுகிறோம். ஆகவே வீட்டில் ஒருவர் உண்ணாமலிருப்பதைக் காண்பது மற்றவர்களுக்கும் கடினம். "ஒரு வாய் மட்டும் சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்று பரிவோடு வற்புறுத்துவதே நோயாளிக்குப் பெரும் சோதனையாகிவிடும். அதைத் தவிர்த்தால் அதுவே பேருதவி. அதே வேளையில், ஒவ்வொரு வேளையும் கண்காணித்துக் குறை கூறுவதும் பயன் தராது. விருந்து, திருமணம், பண்டிகை ஆகியவை வரும் நாள்களை முன்னரே எண்ணி, சிகிச்சை தொடங்கும் நாளைத் தேர்வு செய்யுங்கள். உணவு வேளையில் அவரும் தம் பானத்துடன் உங்களோடு அமரலாம். அல்லது அந்நேரத்தில் உலாவச் செல்லலாம். எது எளிது என்பதை அவரே சொல்லட்டும்.

நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் ஆகிய தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். அப்போது சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, பிறகு மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள்.

மீண்டும் உணவுக்கு

மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். 50 பேர் பத்து வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவை மேற்கொண்டு எடை குறைந்தனர். ஓராண்டு கழித்தும் அவர்களின் உடலில் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தும், நிறைவுணர்வைத் தருபவை தாழ்ந்துமே இருந்தன. இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது என்பது இதன் பொருள். எடை திரும்புவதை மனவுறுதியின்மை என்று நோயாளியோ குடும்பமோ பழிப்பது பொருந்தாது. இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. எனவே திட்டமிட வேண்டிய ஒன்று.

பானம் முடிந்ததும் ஒரே நாளில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புதல் கூடாது. முதலில் ஒரு வேளைப் பானத்திற்குப் பதிலாக ஒரு வேளை உணவு, சில நாள்கள் அல்லது ஒரு வாரம் கழித்து இரண்டாவது வேளை, பின்னர் மூன்றாவது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கு மட்டும் சோறு அல்லது சப்பாத்தி என்ற அளவு நினைவில் நிற்க எளிது. இக்கட்டத்தில் குடும்பம் முழுவதும் இவ்வாறே உண்ணத் தொடங்கினால், நோயாளி தனித்துவிடப்பட மாட்டார். வீட்டுக்கென ஒரே சமையல் போதும்.

வாரம் ஒருமுறை, அதே நாளில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். இரண்டு கிலோ ஏறினாலே உணவியல் நிபுணரிடம் வாருங்கள். பத்து கிலோ ஏறும்வரை வெட்கத்தால் வராமலிருந்துவிட வேண்டாம். 'டைரக்ட்' ஆய்விலும், எடை ஏறியவர்களுக்குச் சில வாரங்கள் மீண்டும் பானத்திற்குத் திரும்பும் ஏற்பாடு சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்

1. என் வயதுக்கும் நோய்க்கும் இச்சிகிச்சை ஏற்றதா? எனக்கு வேறு வழிகள் உண்டா?
2. எந்த மருந்தை எந்த நாளில் நிறுத்த அல்லது குறைக்க வேண்டும்?
3. இரத்தப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை?
4. இரவில் உடல்நலம் குன்றினால் யாரை அழைப்பது?
5. மொத்தச் செலவு எவ்வளவு? இடையில் பானம் வாங்க இயலாமற்போனால் என்ன செய்வது?
6. பானம் நின்றபின், அடுத்த ஓராண்டுக்கு என்னை யார், எப்போது பார்ப்பார்கள்?

ஆறாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தபின் முதல் பொட்டலத்தைப் பிரியுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்.