எடை குறையும் கிளிக்குஞ்சு: கைத்தீனியை நிறுத்தும் காலம் எது?

பால்குடி மறக்கும் காலத்தில் கன்று சற்று இளைப்பதைக் கால்நடை வளர்ப்போர் அறிவர். கையால் தீனி ஊட்டி வளர்க்கப்படும் கிளிக்குஞ்சும் தானாகத் தின்னப் பழகும் காலத்தில் இளைக்கவே செய்யும். கன்று இளைத்தால் விலா எலும்பு காட்டிக்கொடுத்துவிடும். குஞ்சு இளைத்தாலோ இறகு அதை மறைத்துவிடும். காலையில் கூண்டில் கத்திக்கொண்டிருந்த குஞ்சு, மறுநாள் கூண்டின் தரையில் இறந்து கிடக்கும். "நேற்றுவரை நன்றாகத்தானே தின்றது" என்று வளர்ப்போர் வியப்பர். உண்மையில் அக்குஞ்சு பல நாட்களாகப் பட்டினி கிடந்திருக்கும்.

தமிழகத்தில் பலர் வீட்டு மாடிகளிலும் சிறு கொட்டகைகளிலும் அயல்நாட்டு வண்ணக் கிளிகளை வளர்த்துக் குஞ்சு எடுத்து விற்று வருகின்றனர். இவற்றுள் ஆஸ்திரேலிய நாட்டுப் பறவையான காக்டெயில் கிளி பலராலும் விரும்பப்படுகிறது. கைப்பழக்கம் உள்ள குஞ்சுக்கு விலை கூடுதல் என்பதால், இரண்டு மூன்று வார வயதிலேயே குஞ்சுகளைக் கூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையால் தீனி ஊட்டுவர். இவ்வாறு வளரும் குஞ்சு கைத்தீனியை மறந்து தானியத்திற்கு மாறும் சில வாரங்களே மிகுந்த கவனம் தேவைப்படும் காலமாகும்.

இயல்பான இளைப்பு எது?

நன்கு வளரும் காக்டெயில் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவரும்போது 5 கிராம் அளவே இருக்கும். நான்கு வாரங்களுக்குள் ஏறத்தாழத் தாய்ப்பறவையின் எடையை எட்டிவிடும். வளர்ந்த பறவையின் எடை பொதுவாக 80 முதல் 100 கிராம் வரை ஆகும். சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கும் நான்காம், ஐந்தாம் வாரங்களில் குஞ்சு தீனியை ஒதுக்கும், சிறகடித்துப் பழகும், எடையும் சற்றுக் குறையும். பறப்பதற்கு உடலை இலகுவாக்கிக்கொள்ளும் இயற்கையின் ஏற்பாடு இது. உச்ச எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைவது இயல்பே. அதற்கு மேல் குறைந்தாலும், குறைவது நிற்காமல் தொடர்ந்தாலும் அது ஆபத்தின் அறிகுறியாகும்.

கூட்டை விட்டு வெளியேறிய குஞ்சைத் தாய்ப்பறவையும் தந்தைப் பறவையும் உடனே கைவிட்டுவிடுவதில்லை. மேலும் சில வாரங்கள் இரை ஊட்டிக்கொண்டே தானாகத் தின்னக் கற்றுக்கொடுக்கின்றன. கையால் வளர்ப்போரும் அவ்வாறே செய்ய வேண்டும். "ஆறு வாரம் ஆயிற்று, இனி மாவு வேண்டாம்" என்று நாட்காட்டியைப் பார்த்து நிறுத்துவதே குஞ்சுகள் மடிவதற்கு முக்கியக் காரணம். ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் ஒன்று ஏழு வாரத்தில் தானாகத் தின்னும்; மற்றொன்றுக்குப் பத்து வாரமும் ஆகலாம்.

உமியைக் கண்டு ஏமாறக் கூடாது

தானியக் கிண்ணத்தைச் சுற்றி உமி சிதறிக் கிடப்பதைக் கண்டு, குஞ்சு தின்னத் தொடங்கிவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இளங்குஞ்சு தானியத்தை அலகால் உருட்டி விளையாடும், உமியை உரிக்கும், உள்ளிருக்கும் அரிசியையும் சேர்த்துக் கீழே போட்டுவிடும். வயிற்றுக்குள் செல்வது மிகச் சிறிதளவே. கிண்ணம் காலியாவதும் உமி சேர்வதும் தின்றதற்குச் சான்றாகா.

தின்றதா இல்லையா என்பதை மூன்று இடங்களில் காணலாம். ஒன்று, கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பை. மாலையில் அது மெத்தென்று நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு, எச்சம். எண்ணிக்கை குறைந்து, சிறுத்து, கரும்பச்சையாக இருந்தால் குஞ்சு பட்டினி கிடக்கிறது என்று பொருள். மூன்று, நெஞ்செலும்பு. விரலால் தடவும்போது எலும்பின் இருபுறமும் சதை திரண்டிருக்க வேண்டும். கத்தி முனைபோல் எலும்பு தட்டுப்பட்டால் குஞ்சு மிகவும் இளைத்துவிட்டது எனக் கொள்ளலாம்.

தராசே வழிகாட்டி

இம்மூன்றையும்விட நம்பத்தகுந்தது எடை. ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதுமானது. நாள்தோறும் காலையில், தீனி கொடுக்கும் முன், தீனிப்பை காலியாக இருக்கும்போது குஞ்சை ஒரு கிண்ணத்திலோ சிறு பெட்டியிலோ வைத்து நிறுக்க வேண்டும். ஒவ்வொரு குஞ்சுக்கும் காலில் வளையமிட்டு, எடையைத் தேதியுடன் குறித்து வைப்பது அவசியம்.

எடுத்துக்காட்டாக, ஒரு குஞ்சின் உச்ச எடை 95 கிராம் எனக் கொள்வோம். அதில் 10 விழுக்காடு குறைந்தால் 85 கிராம். 15 விழுக்காடு குறைந்தால் 81 கிராம். குஞ்சு 86 கிராமுக்கு இறங்கி, அங்கேயே சில நாள் நின்று, பின் ஏறத் தொடங்கினால் கவலையில்லை. 85-க்குக் கீழ் இறங்கினால் மேற்கொண்டு தீனியைக் குறைக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். 81-ஐ நெருங்கினால், முன்பு நிறுத்திய வேளைத் தீனியை அன்றே திரும்பக் கொடுக்க வேண்டும். 76 கிராமுக்கு வந்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு எடை போய்விட்டது. இனி மருத்துவரிடம் கொண்டுசெல்வதில் தாமதம் கூடாது.

கைத்தீனியைக் குறைக்கும் முறை

நாளொன்றுக்கு மூன்று வேளை மாவு பெறும் குஞ்சுக்கு முதலில் நண்பகல் வேளையை நிறுத்தலாம். எடை மூன்று நான்கு நாட்கள் ஒரே நிலையில் நின்றால், அடுத்துக் காலை வேளையின் அளவைக் குறைத்துப் பின் நிறுத்தலாம். இரவு வேளையைக் கடைசியில்தான் நிறுத்த வேண்டும். இருட்டிய பின் குஞ்சு தின்னாது. வெறும் வயிற்றோடு உறங்கினால் ஓர் இரவிலேயே எடை குறைந்துவிடும். பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடுவது தவறு. பசியால் சோர்ந்த குஞ்சு புதுத் தீனியைத் தேடாது. ஊட்டுவோரின் கையையே எதிர்பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும். அரை வயிறு நிறைந்த குஞ்சுதான் கிண்ணத்தைக் கிளறிப் பார்க்கும்.

மாவும் சூடும்

கிளிக்குஞ்சுகளுக்கென விற்கப்படும் கைத்தீனி மாவே சிறந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காக்டெயில் குஞ்சுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஆய்வில், தீனியில் 20 விழுக்காடு புரதம் இருந்தபோது குஞ்சுகள் நன்கு வளர்ந்தது தெரியவந்தது. அரிசிக் கஞ்சியிலும் பால் சோற்றிலும் இந்த அளவு புரதம் கிடையாது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலும் பறவைகளுக்கு இல்லை, கழிச்சல்தான் ஏற்படும்.

கரைத்த மாவு 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்ப்பதே முறை. ஆறிய மாவைக் குஞ்சு ஒதுக்கும். விழுங்கினாலும் தீனிப்பையில் தங்கிப் புளித்துவிடும். 43 டிகிரிக்கு மேல் போனால் தீனிப்பை வெந்து புண்ணாகிவிடும். மின்காந்த அடுப்பில் சூடாக்கினால் ஓரிடம் கொதித்தும் ஓரிடம் ஆறியும் இருக்கும். எனவே வெந்நீரில் கரைப்பதே நல்லது.

ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு மாவுக் கரைசல் போதும். 80 கிராம் குஞ்சுக்கு 8 மி.லி. ஊசி நீக்கிய சிரிஞ்சைக் குஞ்சின் அலகின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நோக்கி வைத்து, அது விழுங்கும் வேகத்திற்கு ஏற்ப மெல்ல அழுத்த வேண்டும். குஞ்சு மறுக்கும்போது திணித்தால் மாவு மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மிஞ்சிய மாவை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. சிரிஞ்சையும் கிண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

பழக்க வேண்டிய தீனிகள்

முதன்முதலில் மென்மையான தீனிகளையே வைக்க வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறு, முளைகட்டிய கம்பு, வேகவைத்த மக்காச்சோளம், நன்கு வெந்த முட்டை, துருவிய காரட், முருங்கைக்கீரை, பூசணித் துண்டு ஆகியவை ஏற்றவை. காரட், கீரை, பூசணி ஆகியவற்றிலிருந்து வைட்டமின் 'ஏ' கிடைக்கும். ஈரமான தீனிகளை வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கூண்டில் விட்டுவைக்கக் கூடாது.

உலர்ந்த தானியங்களில் தினைக் கதிருக்கு இணை ஏதுமில்லை. வெளிநாடுகளில் பறவை வளர்ப்போர் விலை கொடுத்து வாங்கும் கதிர்த் தீனி நம் தினையேயாகும். கதிரைக் கூண்டின் கம்பியில் குஞ்சின் அலகு எட்டும் உயரத்தில் கட்டிவிட்டால், கொத்திக் கொத்தி விரைவில் தின்னக் கற்றுக்கொள்ளும். சூரியகாந்தி விதையைக் குஞ்சுகள் விரும்பித் தின்னும். எனினும் கொழுப்பு மிகுந்தும் சுண்ணாம்புச் சத்து குறைந்தும் இருப்பதால் சிறிதளவே தரலாம். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் மக்காச்சோளமும் கோழிகளைப் போலவே கிளிகளின் கல்லீரலையும் கெடுக்கும். அவகாடோ எனப்படும் வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, உப்பிட்ட தின்பண்டங்கள் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அதனால் தீங்கில்லை.

நோயால் இளைப்பதும் உண்டு

போதிய தீனி கொடுத்தும் எடை குறைந்தால் நோயென்று ஐயப்பட வேண்டும். காலையிலும் தீனிப்பை காலியாகாமல் இருந்தாலோ, புளித்த வாடை வீசினாலோ அதன் மேல் மேலும் மாவு ஊட்டக் கூடாது. சூடு குறைந்த மாவு, குளிர்ந்த அறை, ஈஸ்ட் வகைப் பூஞ்சணம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். நிறையத் தின்றும் இளைத்து, எச்சத்தில் முழுத் தானியம் காணப்பட்டால் குடலில் கோளாறு உள்ளது. மூக்கு ஒழுகி, இறகு சிலிர்த்து, எச்சம் எலுமிச்சைப் பச்சையாக இருந்தால் கிளிக்காய்ச்சலாக இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றக்கூடியது. அத்தகைய குஞ்சைத் தனியே பிரித்து வைத்து, முகக்கவசம் அணிந்து, காய்ந்த எச்சத்தை நீர் தெளித்த பின்னரே அகற்ற வேண்டும். தாமாக மருந்து வாங்கிக் கொடுப்பதைத் தவிர்த்து, எச்ச மாதிரியுடன் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

சோர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு முதலில் தேவைப்படுவது வெப்பம். அதன் பின்னரே தீனி. உடல் சில்லிட்ட குஞ்சுக்கு ஊட்டிய மாவு செரிக்காது. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பின் வெப்பம் படுமாறு வைத்து, பெட்டிக்குள் 29, 30 டிகிரி செல்சியஸ் இருக்கச் செய்யலாம். வெப்பம் மிகுந்தால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடல் சூடேறிய பின் நீர்த்த வெதுவெதுப்பான மாவைச் சிறிது சிறிதாகத் தரலாம். பின்னர் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

விற்பனையிலும் நேர்மை வேண்டும்

மாவு ஊட்டும் வேலையும் செலவும் மிச்சமாகும் என்று தானாகத் தின்னாத குஞ்சை விற்றுவிடுவது, குஞ்சுக்கும் வாங்குவோருக்கும் இழைக்கும் தீங்காகும். கைத்தீனி முற்றிலும் நின்ற பின் ஒரு வாரமேனும் எடை குறையாதிருந்த குஞ்சையே விற்க வேண்டும். எடைக் குறிப்பையும் உடன் தரலாம். புதிய இடத்தில் மிரண்டு, தின்பதை மறந்து மீண்டும் கத்திக் கேட்கும் குஞ்சுகளும் உண்டு. அவற்றுக்குச் சில நாட்கள் இரவில் மட்டும் மாவு ஊட்டினால் தெளிந்துவிடும்.

இங்கு கூறியவை அனைத்தும் அயல்நாட்டு வளர்ப்புக் கிளிகளுக்கே பொருந்தும். பச்சைக்கிளி முதலான நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மரத்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அயல்நாட்டு இனங்களிலும் சன் கன்யூர் போன்ற சிலவற்றை, 2024-இல் வெளியான விதிகளின்படி, பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்தல் கட்டாயம்.

கிளிக்குஞ்சு பட்டினியை வாய்விட்டுச் சொல்லாது. இறகும் அதைக் காட்டாது. காலைதோறும் ஒரு நிமிடம் செலவிட்டு எடையைக் குறித்து, அதன்படி மாவைக் கூட்டியும் குறைத்தும் வருவோரின் கூண்டில் குஞ்சுகள் வீணாக மடிவது பெரிதும் குறையும்.