சக்கரம் இறங்காவிட்டால்...?

வானத்தில் பறக்கும் விமானத்துக்குச் சக்கரம் தேவையில்லை. ஆனால் தரைக்கு வரும்போது அந்தச் சக்கரம்தான் உயிர். அது வெளியே வராவிட்டால் என்ன ஆகும்?

2023-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி பெங்களூரில் அப்படித்தான் நடந்தது. எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய ஜெட் விமானம் கிளம்பியது. அதே நகரின் சர்வதேச விமான நிலையத்துக்குத்தான் பயணம். உள்ளே இரண்டு விமானிகள் மட்டுமே இருந்தார்கள். பிரயாணிகள் இல்லை.

மேலே எழும்பியதும் கோளாறு தெரிந்தது. மூக்குப் பக்கம் உள்ள முன் சக்கரம் சரியாக இயங்கவில்லை. விமானிகள் உடனே திரும்பினார்கள். ஆனால் இறங்கும் நேரத்தில் முன் சக்கரம் வெளியே இல்லை!

பின் சக்கரங்கள் இரண்டும் முதலில் தரையைத் தொட்டன. பிறகு விமானத்தின் மூக்கு தாழ்ந்தது. ஓடுபாதையில் உரசிக்கொண்டே போய் விமானம் நின்றது. இரு விமானிகளும் உயிர் தப்பினார்கள்.

ஏன் மடக்க வேண்டும்?

விரித்த குடையுடன் எதிர்க்காற்றில் நடந்தால் காற்று நம்மைப் பின்னுக்குத் தள்ளுகிறது அல்லவா? தொங்கும் சக்கரங்களும் விமானத்தை அப்படித்தான் தடுக்கும். அவற்றை உள்ளே மடக்கிவிட்டால் வேகம் கூடும்; எரிபொருள் மிச்சமாகும்.

எல்லா விமானங்களுக்கும் சக்கரம் மடங்குமா? மடங்காது. ஓசூரை அடுத்து, ஜவளகிரி வட்டாரத்துக்குப் பக்கத்தில், தளி சாலையில் பேளகொண்டப்பள்ளி இருக்கிறது. அங்குள்ள 'தனேஜா' தொழிற்சாலை 1990-களில் பி-68 சி என்ற சிறிய விமானத்தைத் தயாரித்தது. ஆறு பேர் அமரலாம். 'ஹன்சா' என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானமும் அங்கே உருவானது. இந்த இரண்டுக்கும் சக்கரம் எப்போதும் வெளியிலேயே இருக்கும். வேகம் சற்றுக் குறைவுதான். ஆனால் சக்கரம் உள்ளே சிக்கிக்கொள்ளுமே என்ற கவலை இல்லை!

மூன்று பச்சை விளக்குகள்

சக்கரம் மடங்கும் விமானத்தில், மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ அதை ஏற்றி இறக்குகிறது. மூன்று சக்கரங்களும் இறங்கிப் பூட்டிக்கொண்டால், விமானியின் எதிரே மூன்று பச்சை விளக்குகள் எரியும். ஒன்று எரியாவிட்டாலும் சந்தேகம்தான். சில சமயம் சக்கரம் இறங்கியே இருக்கும், விளக்கு பழுதாகியிருக்கும்! எனவே விமானி தாழப் பறந்து போவார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உள்ளவர்கள் பார்த்து நிலைமையைச் சொல்வார்கள்.

சக்கரத்தை இறக்க மாற்று வழியும் உண்டு. சில விமானங்களில் கையால் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சிலவற்றில் பூட்டை விடுவித்தால் சக்கரம் தன் எடையாலேயே விழும். எதுவும் பலிக்காவிட்டால்தான் வயிற்றால் இறங்குவது. அதற்கு முன் வானில் வட்டமிட்டு எரிபொருளைக் குறைப்பார்கள். பாரம் குறையும், தீ ஆபத்தும் குறையும்.

2024 அக்டோபர் 11-ந் தேதி திருச்சி மக்கள் இதை நேரில் கண்டார்கள். 141 பேருடன் சார்ஜாவுக்குக் கிளம்பிய பெரிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது வட்டமிட்டது. கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் காத்து நின்றன. கடைசியில் சக்கரங்கள் ஒழுங்காக இறங்கின. அனைவரும் சுகமாகத் தரை சேர்ந்தார்கள்.

பெரிய எதிரி மறதி

சிறிய விமானங்களில் இயந்திரக் கோளாறு மட்டும் காரணமல்ல. மறதியும் பெரிய காரணம். பேச்சிலோ வேறு வேலையிலோ கவனம் சிதறி, சக்கரத்தை இறக்காமலே தரைக்கு வந்த விமானிகள் பல நாடுகளில் உண்டு. வேகத்தைக் குறைத்ததும் எச்சரிக்கை மணி அலறும். அதையும் காதில் வாங்காதவர்கள் இருக்கிறார்கள்!

இப்படி இறங்கினால் பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். விமானத்துக்குத்தான் பலத்த சேதம். புரொபெல்லர் வளையும், எஞ்சின் பழுதாகும்.

அதனால்தான் எத்தனை வருஷம் பறந்தவரும் ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பழகிய கைதானே என்று விட்டுவிட்டால், ஒரு நாள் அந்தக் கையே மறந்துவிடும்.