புழுவுக்கு முன் வயர்

மலேசியாவின் கிளேபாங்கில் வீட்டுக் கணினிக்குள் புழு (தானாகப் பரவும் தீநிரல்) புகுந்துவிட்டால் கை முதலில் போவது ஆன்டிவைரஸுக்குத்தான். அதற்கும் முன்னால் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் புழுவைப் பாருங்கள். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அக்டோபர் 23ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்டவர்கள் பலர் மாட்டினார்கள். உள்ளே போனதும் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களையே அது திறக்கவிடவில்லை. மருந்துக்கடைக்குப் போகும் பாதையை மறிக்கிற நோய்!

இணைப்பு இல்லாமல் நீக்கும் கருவியை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். சுத்தமான வேறொரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவரலாம். ஆனால் கான்ஃபிக்கர் பென்டிரைவிலும் தொற்றியது. எனவே அந்தப் பென்டிரைவைத் திரும்ப நல்ல கணினியில் செருகாதீர்கள். பார்மட் செய்தால் போதாதா என்பாரும் உண்டு. புழு போய்விடும், உண்மைதான். பழைய விண்டோஸையே மறுபடி போட்டால் பழைய ஓட்டையும் கூடவே வரும். 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் புழு, யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்காமலே, இணைப்பு கிடைத்த கணினிகளுக்குள் தானாகப் புகுந்தது. ஆகவே திருத்தத்தையும் கருவியோடு சேர்த்தே கொண்டுவாருங்கள். அதைப் போட்ட பிறகு வயரைச் செருகலாம். அப்படியும் சரிவரவில்லை என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையம் இருக்கிறது.