நஞ்சின் வாகனமும் மருந்தின் சரக்கும்

குடலில் அடைத்துப் பதப்படுத்திய இறைச்சி கெட்டுவிட, அதனை உண்டோர் தசைகள் செயலிழந்து மாண்டதை ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதி வைத்தியர் ஜஸ்டினஸ் கெர்னர் ஆராய்ந்து, 1822-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மிகச் சிறிய அளவில் அளித்தால் அந்நஞ்சே மிதமிஞ்சிக் கிளர்ச்சியுற்ற நரம்புகளை அடக்கக்கூடும் என்றும் அதில் கருத்துரைத்தார். அக்கருத்து நோயாளிகளிடம் சோதிக்கப்பெற நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அமெரிக்கக் கண் வைத்தியர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணுக்கு அதனை ஊசிவழி செலுத்திய முடிவுகளை 1980-இல் வெளியிட்டார். 1989-இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. கழுத்துத் தசை முறுக்கத்திற்கும், பக்கவாதத்திற்குப் பின் தோன்றும் தசை இறுக்கத்திற்கும் இன்று அது வழங்கப்பெறுகிறது.

பாட்டுலினம் எனும் இந்நஞ்சு, மண்ணில் வாழும் ஒரு நுண்கிருமி உண்டாக்கும் புரதம். (ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் புகட்டலாகாது என்பதற்கு அக்கிருமியின் வித்துகளே காரணம்; களப்பணியாளர் இதனைத் தாய்மாரிடம் தவறாது கூறுதல் வேண்டும்.) இப்புரதத்திற்கு இரு பகுதிகள் உண்டு. பெரிய பகுதி நரம்பு முனையைப் பற்றிக்கொண்டு, சிறியதனை உள்ளே கொண்டு சேர்க்கிறது. உட்புகுந்த சிறிய பகுதியோ, அசிட்டைல்கோலின் வெளிப்படுவதற்கு இன்றியமையாத ஒரு புரதத்தைத் துண்டித்துவிடுகிறது. தசைக்குக் கட்டளை எட்டுவதில்லை. வைத்திய அளவில் இவ்விளைவு மூன்று, நான்கு மாதங்கள் நீடிக்கும்.

ஆகவே பெரிய பகுதி வாகனம். கொலைத்தொழில் சிறிய பகுதியினுடையது. வாகனத்தை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றினால் என்ன?

இவ்வினா வெறும் கற்பனையன்று. நஞ்சு நரம்பணுவிற்குள் புகுந்த பின்னர், இரத்தத்தில் செலுத்தும் முறிமருந்து அதனை எட்டாது. நோயாளி வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், சுவாசக் கருவியின் துணைகொண்டே வாழ நேர்கிறது. இதனை வெல்ல முயன்ற இரு அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவினர் தம் முடிவுகளை 2021-இல் வெளியிட்டனர். அவர்கள் நஞ்சின் அமினோ அமிலங்களுட் சிலவற்றை மாற்றி, அதன் வெட்டும் ஆற்றலைப் போக்கினர். பின்னர், ஒட்டக இனத்து விலங்குகளிடம் காணப்பெறும் சிறிய எதிர்ப்புப் புரதத் துண்டினை அதனுடன் இணைத்தனர். பல் பிடுங்கிய அந்நஞ்சு நரம்பணுவினுள் நுழைந்து, அங்கே முன்னரே குடிகொண்ட கொடிய நஞ்சினை முடக்கிற்று. உயிர்போக்கும் அளவு நஞ்சேற்றப்பட்ட எலிகள் பிழைத்தன.

எலியிடம் பலித்தது மனிதரிடமும் பலிக்கும் என்று கொள்வதற்கில்லை. வாகனமும் ஓர் அயற்புரதமே. அதனைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கி, நரம்பை அடையுமுன்னரே தடுத்துவிடக்கூடும். நீண்டகால நரம்பு நோய்களுக்கு இம்முறையைப் பயன்படுத்த விழைவோர் முதலில் கடக்கவேண்டிய தடை இதுவே.