நூதனசாலையில் கண்ட தமிழ்க் கல்

2009 இல் வன்னியை விட்டு வெளிக்கிட்டபோது என் கையில் இருந்தது ஒரு துணிப்பை மட்டுமே. அம்மம்மாவின் றங்குப்பெட்டி, என் கூறைச்சேலை, கலியாணப் படங்கள் எல்லாம் அங்கேயே போய்விட்டன. "பழைய சாமானை நினைத்து என்ன பயன்?" என்று எனக்கு நானே சொல்லிப் பழகிவிட்டேன். எங்கள் மாதர் சங்கத்தாருடன் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய்வந்த பின்னர் அந்த எண்ணம் மாறியது.

ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம் அது. உள்ளே ஒரு கல்லின் முன் நெடுநேரம் நின்றேன். சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு அளித்த பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகளைச் சொல்கிறது.

இந்தக் கல் 1911 இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது! எழுத்தைக் கவனித்த ஒருவரால் அது தப்பியது. "அக்கா, எங்கட வளவுகளிலயும் எத்தனை கல் கிடக்குதோ?" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கச்சி ஒருத்தி.

பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதோடு நூதனசாலையின் வேலை முடிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்று பதிகிறார்கள். அருகிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில் வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அதே முறைதான். பிடித்த இடமும் திகதியும் இருந்தால்தான் அந்த இனம் இன்றும் அங்கே உண்டா என்று விஞ்ஞானிகள் ஒப்பிட முடியும்.

பறிபோனவை திரும்பியும் வருகின்றன. கண்டி மன்னரின் சிம்மாசனமும் முடியும் 1934 இல் பிரித்தானியாவிலிருந்து வந்தன. 2023 இல் நெதர்லாந்து ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. அவை எங்கிருந்து போயின என்பதை ஆராய்ந்து காட்டப் பழைய பதிவுகள் உதவின. ஆனால் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு பிரதி இல்லாத ஏடுகள் அழிந்தே போயின. பிரதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பி வாங்கினேன். அம்மம்மாவின் பெயர், அவர் பிறந்த ஊர், றங்குப்பெட்டியில் இருந்தவை, எங்கள் கிணற்றடி வேம்பு என நினைவில் உள்ளதையெல்லாம் எழுதினேன். எழுதும்போது அழுதேன், எழுதி முடிய மனம் சற்று ஆறியது. இப்போது மகள் கேட்டுக் கேட்டு மிச்சத்தை எழுதுகிறாள்.

சகோதரிகளே, நீங்களும் செய்யக்கூடியவை சில:

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை வேறொரு வீட்டிலும் வையுங்கள்.

எஞ்சிய படங்களின் பின்புறம் பென்சிலால் மெதுவாகப் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள்.

கூறைச்சேலை இருந்தால் இடைக்கிடை மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் இருந்தால் அந்த இடத்திலேயே கிழியும்.

ஊரில் எழுத்துள்ள கல்லையோ பழைய ஏட்டையோ கண்டால் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

பொருள் போனாலும் அதன் கதை எங்களிடம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்கும் வயதில் இருக்கும்போதே அதைச் சொல்லி வைப்போம்.