பிரயாணத்துக்குக் காத்திருக்கும் நாய்

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் மகளோடு போய் இருந்துவிடுவதென்று தீர்மானித்து, தமக்கும் மனைவிக்கும் விமான டிக்கெட் எடுத்து, வீட்டுச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்பது வரைக்கும் யோசித்து முடித்த பிற்பாடுதான், ஆறு வருஷமாகத் தம் கால்மாட்டில் படுத்துறங்கும் ராஜபாளையம் நாயை எப்படி அழைத்துப் போவது என்ற விஷயத்துக்கு வந்தார். "வருஷம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறேன், புத்தகத்தில் டாக்டர் கையெழுத்து இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?" என்று அவர் என்னைக் கேட்ட அன்று, புறப்படுவதற்கு இருபது நாள் பாக்கி இருந்தது. வேண்டியிருந்ததோ நான்கு மாதம்.

சிப்பும் ஊசியும்

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். அவர் கையடக்கமான ரீடர் ஒன்றை நாயின் இரு தோள்களுக்கும் நடுவே மெதுவாக நகர்த்திப் பார்த்தார். சத்தம் எதுவும் வரவில்லை. நாய்க்குச் சிப் போடவில்லை என்று அதற்கு அர்த்தம். தடுப்பூசிப் புத்தகத்தில் ஆறு ஊசிகளுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி முத்திரை குத்தியிருந்தது வாஸ்தவந்தான். ஆனால் அந்த ஆறு ஊசிகளும் இதே நாய்க்குத்தான் போடப்பட்டன என்பதற்கு அத்தாட்சி ஏது? அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் செலுத்தி, அதிலுள்ள பதினைந்து இலக்க எண்ணை ரீடரில் படித்துக் குறித்துக்கொண்ட பிறகோ, அல்லது அதே நாளிலோ போடப்படும் ரேபிஸ் ஊசியைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஊசியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சிப்புக்கு முன்னால் போட்டவை நாயின் தேகத்துக்கு நன்மை செய்திருக்கும். காகிதத்துக்கு ஒரு பிரயோஜனமும் செய்யவில்லை. விஷயமறிந்த மருத்துவர்கூட இந்த வரிசையை நினைவூட்ட மறந்துவிடுவதுண்டு என்பதை அநேகர் அனுபவத்தில் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே அன்றைக்கே சிப்பும், அதன்பின் ஊசியும் போடப்பட்டன. அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து, அறிக்கை வந்த நாளிலிருந்து அல்ல, மூன்று மாதம் கழிய வேண்டும். ஜனவரி 1இல் ஊசி போட்ட நாய்க்குப் பிப்ரவரி 1இல் ரத்தம் எடுத்தால், மே மாதத்துக்கு முன் அது ஐரோப்பிய மண்ணில் கால் வைக்க முடியாது. பன்னிரண்டு வாரம் நிறையாத குட்டிக்கு ஊசியே செல்லாதாகையால், இந்தியாவில் பிறந்த குட்டி எதுவும் ஏறக்குறைய ஏழு மாதமாவதற்கு முன் அங்கே போவதற்கில்லை. ரேபிஸ் விஷயத்தில் தனக்குத் திருப்தி தரும் தேசங்களென்று ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் நமது தேசம் இல்லாததே இவ்வளவுக்கும் காரணம்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

மருத்துவமனைகளில் "டைட்டர் டெஸ்ட்" என்று சொல்லப்படும் இப்பரீட்சை, நாய்க்கு வெறிநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது என்றே பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியன்று. உயிரோடிருக்கும் நாயிடத்தில் அந்நோயை ஐயமறக் கண்டுபிடிக்கும் பரீட்சை இதுவரையில் நமக்கு வாய்க்கவில்லை. இறந்த பின் மூளைத் திசுவை எடுத்துப் பார்த்துத்தான் நிச்சயிக்க வேண்டியிருக்கிறது. டைட்டர் பரீட்சை தேடுவதெல்லாம், போட்ட ஊசி தேகத்தில் வேலை செய்து, ரேபிஸ் கிருமியை முறியடிக்கும் எதிர்ப்பொருளைப் போதுமான அளவில் உண்டாக்கியிருக்கிறதா என்பதைத்தான். போதுமான அளவென்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பது, ஒரு மில்லிலிட்டர் சீரத்துக்கு, அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீருக்கு, 0.5 சர்வதேச அலகு.

இந்த எதிர்ப்பொருள் ஊசி போட்ட நாலைந்து வாரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பின்னர் தணிகிறது. ஆதலால் ரத்தம் எடுப்பதை அநாவசியமாகத் தள்ளிப் போடுவது, நல்ல நாயையும் தோற்கவைத்துவிடக் கூடும். ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாய்கள் தோற்பது அதிகம்; இரண்டாவது ஊசியும் போட்ட பின் எடுத்தால் தேறுவது சுலபம்; பூனைகள் பொதுவாக நாய்களைவிட நன்றாகவே தேறிவிடுகின்றன. தோற்ற நாய் நோயாளியுமல்ல, பாதுகாப்பே இல்லாததுமல்ல. மறுபடி ஊசி போட்டு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்; நாட்கணக்கும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

பச்சை ஒளி

பரீட்சை நடக்கும் விதம் சுவாரசியமானது. சீரத்தை 56 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்தெடுத்து, 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் மும்மும்மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழியிலும் அளந்த அளவு உயிருள்ள ரேபிஸ் கிருமியைச் சேர்த்து, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க அவகாசம் கொடுத்து, பின்னர் ஹாம்ஸ்டர் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த உயிரணுக்களை அதில் இட்டு இரண்டு நாள் விட்டுவைக்கிறார்கள். அதன்பின் ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், கிருமி பிழைத்திருக்கும் குழிகளில் உயிரணுக்கள் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஜொலிக்கும். எதிர்ப்பொருள் வென்ற குழிகள் இருண்டு கிடக்கும். அழகாகத் தெரிவதெல்லாம் தோல்வி, இருட்டே தேர்ச்சி என்னும் விசித்திரமான பரீட்சை இது. பிரான்ஸில் நான்ஸி நகரத்து ஆய்வகத்தில் உருவாகி 1998இல் வெளியான இம்முறைக்கு எஃப்.ஏ.வி.என். என்று பெயர். உயிருள்ள கிருமியோடு செய்கிற வேலையாதலால், ஒப்புதல் பெற்ற ஆய்வகங்கள் தவிர வேறெதன் அறிக்கையும் எல்லையில் செல்லாது.

எங்கள் தலைமையாசிரியரின் நாய்க்கு நேர்ந்த இன்னொரு இடைஞ்சலையும் சொல்ல வேண்டும். முதலில் எடுத்த ரத்தம், சீரம் பிரிக்கப்படாமல் ஒரு மத்தியான வேளை முழுவதும் மேஜைமேல் இருந்துவிட்டபடியால், சிவப்பணுக்கள் உடைந்து சீரம் ரோஜா நிறமாகிவிட்டது. ஆய்வகம் அதை ஏற்கவில்லை. இரண்டாம் முறை எடுத்தபோது அவர் பக்கத்திலேயே நின்று, குழாய்மீது எழுதிய எண்ணையும் ரீடரில் மின்னிய எண்ணையும் இலக்கம் இலக்கமாக உரக்கப் படித்து ஒப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் சரிபார்த்த பழக்கம்.

காத்திருப்பு எதற்காக?

பரீட்சையில் தேறிய பின்னும் மூன்று மாதம் எதற்கு என்று அவர் சலித்துக்கொண்டார். காரணம் கிருமியின் குணத்திலேயே இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து அது ரத்தத்தில் பரவாமல், நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெள்ள ஊர்கிறது. அந்த வழிப்பிரயாணத்தில் தேகம் அதை அறிவதுமில்லை, அதற்கு எதிராகப் பெரிதாக எதுவும் உண்டாக்குவதுமில்லை. ஊசி போடுவதற்கு முன்பே வெறிநாயிடம் கடிபட்டிருந்த நாயும் நல்ல எண்ணிக்கை காட்டித் தேறிவிடலாம். அதைக் காட்டிக்கொடுக்கக் காலம் ஒன்றால்தான் முடியும். நாய்களில் நோய் வெளிப்படுவது பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள். அரிதாக ஆறு மாதமும் அதற்கு மேலும் போவதுண்டு. என் அபிப்பிராயத்தில், சட்டம் முக்கியமாகக் கேட்பது அந்த நாட்களைத்தான். எண்ணிக்கை அதற்குத் துணைச் சாட்சி.

இங்கிலாந்து இதைப் பட்டறிந்த தேசம். 1902இல் நோயை ஒழித்த அந்தத் தீவுக்கு, முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் ஒளித்துக்கொண்டுவந்த நாய்களால் 1918இல் அது மீண்டும் வந்து சேர்ந்து, 1922 வரையில் நீடித்தது. 1969இல் ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதத் தனிமைவாசத்தை முறைப்படி முடித்த நாய் ஒன்று, விடுதலையான சில நாட்களிலேயே கேம்பர்லி என்னுமிடத்தில் வெறிகொண்டது. இத்தனைக்கும் பிறகு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், சிப், ஊசி, ரத்தப் பரீட்சை, ஆறு மாதக் காத்திருப்பு ஆகியவற்றை முடித்த நாய்களுக்குக் கூண்டுவாசம் வேண்டாமென்று அத்தேசம் இசைந்தது. தடுப்பு நிலையத்தில் அடைபட்டுக் கழிக்கும் நாட்களை எஜமானன் வீட்டிலேயே கழிக்கலாம் என்பதுதான் டைட்டர் பரீட்சை நாய்க்குச் செய்த பேருபகாரம்.

தேசத்துக்கொரு கணக்கு

1957க்குப் பின் சொந்த மண்ணில் நோய் பரவாத ஜப்பான், சிப்புக்குப் பின் 30 நாள் இடைவெளியில் இரண்டு ஊசியும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பும், வந்திறங்குவதற்கு 40 நாள் முன்னறிவிப்பும் கேட்கிறது. நாட்கள் குறைந்தால் குறைந்த நாட்களை அங்கே தடுப்பு நிலையத்தில் கழிக்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவோ இந்தியாவிலிருந்து நேராக வரும் நாயை ஏற்பதேயில்லை. அனுமதிபெற்ற வேறொரு தேசத்தின் வழியாகப் போய், பரீட்சையும் காத்திருப்பும் முடித்து, மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமிலுள்ள தடுப்பு நிலையத்தில் குறைந்தது 10 நாளாவது இருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் இந்தியா போன்ற தேசங்களில் ஊசி போட்ட நாய்களுக்கு டைட்டர் அறிக்கை அல்லது 28 நாள் தனிமை என்று விதித்திருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருக்குமாதலால், போகும் தேசத்தின் அரசாங்க அறிவிப்பைப் பாராமல் ஏஜெண்டின் வாய்மொழியை நம்புவது அபாயம்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

0.5க்கு மேல் பெற்ற நாய் கடித்தால் பயமில்லை என்று எண்ணுவது தவறு. எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நோய் வெளிப்பட்ட பின் பிழைப்பது அரிதிலும் அரிது. உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இதனால் மாண்டுபோவதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. 1907இலேயே இந்நோய்க்கு வைத்தியம் செய்யவென்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் கண்ட தேசம் இது.

தலைமையாசிரியர் மனைவியை முன்னே அனுப்பிவிட்டுத் தம் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார். நாய் தேறியது, மூன்று மாதமும் கழிந்தது, சென்னையிலுள்ள மத்திய அரசின் விலங்குத் தடுப்புக் காப்பு அலுவலகத்தில் சுகாதாரச் சான்றிதழ் பெற்று, பத்து நாளுக்குள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஊசி தொடர்ந்து போட்டு வந்தால் ஐரோப்பாவுக்கு மறுபடி டைட்டர் வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஊசியின் கெடு ஒரு நாள் தவறினாலும் அந்த அறிக்கை செல்லாது; ரத்தம், மூன்று மாதம் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான்.